கெடு இரு தரப்புக்கும் உரியது: திருவண்ணாமலையில் மின்கட்டணம், காப்பீடு, நிறுவனப் பதிவு

திருவண்ணாமலையில் ஒரு விடுதியையோ, மாட வீதியில் ஒரு ஜவுளிக்கடையையோ, கிரிவலப் பாதையில் ஓர் அன்னதான அறக்கட்டளையையோ நடத்துபவரின் வரவு செலவைத் தீர்மானிக்கும் விதிகளில் பெரும்பகுதி அந்த ஊரில் எழுதப்படுவதில்லை. அவர் செலுத்தும் மின்கட்டணத்தின் வீதத்தைச் சென்னையிலுள்ள தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. அவர் வாங்கியிருக்கும் காப்பீட்டின் நிபந்தனைகளுக்கு ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் வரம்பு கட்டுகிறது. அவருடைய தொழில் ஒரு கம்பெனியாக இருந்தால் அதன் ஆண்டுக் கணக்கு சென்னையிலுள்ள நிறுவனப் பதிவாளரிடமும், கூட்டாண்மையாக இருந்தால் பங்குதாரர் மாற்றம் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளரிடமும் சென்று சேர வேண்டும். வெவ்வேறு காலங்களில் பிறந்த இந்தச் சட்டங்கள் அனைத்தும் குடிமக்களிடம் கெடு என்ற ஒரே மொழியில்தான் பேசுகின்றன. கட்டணம் செலுத்தக் கெடு, பிரீமியம் கட்டக் கெடு, படிவம் தாக்கல் செய்யக் கெடு என்று ஆண்டு முழுவதும் தேதிகள் வரிசையாக நிற்கின்றன. தவறினால் இணைப்புத் துண்டிப்பு, பாதுகாப்பு இழப்பு, நாள் கணக்கில் கூடுதல் கட்டணம் என்று விளைவுகள் உடனடியாக வந்து சேர்கின்றன.

ஆனால் அதே சட்டங்கள் மின்வாரியத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும்கூடக் கெடு விதித்திருக்கின்றன என்பதும், மின்வாரியமும் காப்பீட்டு நிறுவனமும் தவறும்போது குடிமக்களுக்கு இழப்பீடு உண்டு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. கெடு ஒரு தரப்பை மட்டும் கட்டுமானால் அது வெறும் வசூல் முறை. இரு தரப்பையும் கட்டும்போதுதான் அது ஒழுங்குமுறை என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது. இந்த அளவுகோலைக் கொண்டு மூன்று துறைகளையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

அதிகாரம் பிரிந்து கிடக்கும் விதம்

இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணை, சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பிரிக்கிறது. காப்பீடு ஒன்றியப் பட்டியலின் 47-ஆவது இனம். கம்பெனிகளைத் தோற்றுவிப்பதும் ஒழுங்குபடுத்துவதும் கலைப்பதும் அதே பட்டியலின் 43, 44-ஆவது இனங்கள். மின்சாரம் பொதுப் பட்டியலின் 38-ஆவது இனம். கூட்டாண்மை உள்ளிட்ட ஒப்பந்தங்களும் பொதுப் பட்டியலில்தான் உள்ளன. ஆகவே மின்சாரத்துக்கு ஒன்றியச் சட்டமும் மாநில ஆணையமும், காப்பீட்டுக்கு ஒன்றிய ஆணையம் மட்டும், கூட்டாண்மைக்கு ஒன்றியச் சட்டமும் மாநிலப் பதிவுத்துறையும் என்ற கலவையான ஏற்பாடு உருவாகியிருக்கிறது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. காப்பீடு மாநிலங்களுக்கு இடையேயான வணிகம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1944-இல் தீர்ப்பளித்த மறு ஆண்டே, காப்பீட்டு ஒழுங்குமுறையை மாநிலங்களிடமே விட்டுவைக்கும் சட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றியது. அதனால் அங்கு ஒரு சிறு வணிகர் தம் நிறுவனத்தைப் பதிவு செய்யவும், காப்பீட்டு நிறுவனத்தின் மீது முறையிடவும், மின்கட்டணத்தை எதிர்த்து வாதிடவும் பெரும்பாலும் தம் மாநிலத் தலைநகரத்தையே நாடுகிறார். திருவண்ணாமலை வணிகர் அதே மூன்று வேலைகளுக்கும் மூன்று வெவ்வேறு அதிகார அடுக்குகளின் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. எந்தக் கதவு எதற்கு உரியது என்று தெரியாததாலேயே முறையீட்டுக்கான காலம் கழிந்துபோவதுண்டு.

ஒரே தெருவில் நான்கு கட்டணங்கள்

1957 ஜூலை 1-ஆம் நாள் தோன்றிய தமிழ்நாடு மின்சார வாரியம், 2010 நவம்பரில் உற்பத்தி–பகிர்மானக் கழகமாகவும் மின் தொடரமைப்புக் கழகமாகவும் பிரிந்தது. உற்பத்தி–பகிர்மானக் கழகம் 2024-இல் மேலும் பிரிக்கப்பட்டு, பகிர்மானப் பணி தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்ற தனி நிறுவனத்திடம் வந்தது. பெயர்கள் மாறினாலும் மக்கள் வாயில் அது இன்றும் ‘இ.பி.’தான். இந்த நிறுவனம் தானாகக் கட்டணத்தை உயர்த்த முடியாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி அது தன் வரவு செலவு மதிப்பீட்டுடன் ஆணையத்திடம் மனு அளிக்க வேண்டும். பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்டபின், மனு வந்த 120 நாட்களுக்குள் ஆணையம் கட்டண ஆணையைப் பிறப்பிக்க வேண்டும். அதில் யாருக்கேனும் சலுகை தர அரசு விரும்பினால், அந்தத் தொகையை அரசே முன்கூட்டி மின் நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டும் என்று 65-ஆவது பிரிவு கூறுகிறது.

மின்கட்டணம் யார் பயன்படுத்துகிறார் என்பதைவிட எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதையே பொறுத்தது. இது திருவண்ணாமலையில் தெளிவாகத் தெரியும். அருணாசலேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள ஒரே தெருவில், வழிபாட்டிடத்துக்கு ஒரு வீதம், குடியிருப்புக்கு ஒரு வீதம், கடைக்கும் விடுதிக்கும் உரிய வணிக வீதம், தீபத் திருவிழாக் காலத்தில் போடப்படும் பந்தலுக்குத் தற்காலிக இணைப்புக்கான உயர்ந்த வீதம் என நான்கு விலைகளில் ஒரே மின்சாரம் பாய்கிறது. மாவட்டத்தின் மற்றொரு முனையான ஆரணியில் பட்டு நெய்யும் கைத்தறியாளருக்கு, 2023-இல் உயர்த்தப்பட்ட அளவின்படி இரு மாதங்களுக்கு 300 யூனிட் வரை கட்டணமில்லை.

இந்த வகைப்பாட்டை அறியாமல் சிக்கலுக்கு உள்ளாவோர் இவ்வூரில் அதிகம் இருக்கக் கூடும். ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையை ஒட்டியும், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள பகுதியிலும் குடியிருப்பாக எழுந்த வீடுகள் காலப்போக்கில் பக்தர்களுக்கு நாள் வாடகை அறைகளாகவும், தரைத்தளக் கடைகளாகவும் மாறிவிடுகின்றன; மின் இணைப்போ பழைய வீட்டு இணைப்பாகவே தொடர்கிறது. அனுமதித்த நோக்கத்தைத் தவிர வேறு நோக்கத்துக்கு மின்சாரத்தைப் பயன்படுத்துவதை மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு அங்கீகாரமற்ற பயன்பாடு என்று வகைப்படுத்துகிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்யப்படாதவரை அது மின்திருட்டு ஆகாது, ஆயினும் அதற்குரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிக்கப்படுகிறது. அந்தப் பயன்பாடு எப்போது தொடங்கியது என்று கண்டறிய முடியாவிட்டால், ஆய்வு நடந்த நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்குக் கணக்கிடப்படும். மேல்முறையீடு செய்ய 30 நாட்கள்தான் உண்டு. அதற்கும் விதித்த தொகையில் பாதியை முதலில் செலுத்தியாக வேண்டும். வீட்டின் முன்னறையைக் கடையாக மாற்றும் முன், இணைப்பின் வகையை மாற்ற ஒரு விண்ணப்பம் அளித்திருந்தால் தவிர்க்கக் கூடிய சுமை இது.

வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016-இல் வந்தது. இதில் கவனிக்க வேண்டிய ஒரு படி உண்டு: இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் குறைந்த வீதம் கிடைக்கும், 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 100 யூனிட்டுகளுக்கும் உயர்ந்த வீதம் பொருந்தும். அதாவது 501-ஆவது யூனிட் ஒன்று மட்டுமே மொத்தக் கட்டணத்தில் இருநூறு ரூபாய்க்கும் மேல் கூட்டிவிடும். ஆகவே மீட்டர் அளவெடுக்க வேண்டிய ஊழியர் சில நாட்கள் தாமதமாக வந்தால், அந்தக் கூடுதல் நாட்களின் பயன்பாடு வீட்டுக்காரரை உயர்ந்த படிக்குத் தள்ளிவிடும் ஆபத்து இருக்கிறது. இரு மாதக் கணக்கீட்டை மாதக் கணக்கீடாக மாற்றுவது 2021 சட்டமன்றத் தேர்தலில் வாக்குறுதியாக முன்வைக்கப்பட்டதற்கு இந்தப் படிநிலையே காரணம். நுகர்வோர் கட்டணத்தைத் தாமதப்படுத்தினால் அபராதம் உண்டு என்னும்போது, அளவெடுப்பதில் நேரும் தாமதம் நுகர்வோரின் கணக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்வதும் அதே நியாயத்தின் மறுபக்கமே.

எட்டு ஆண்டுகள் வராத உயர்வு

ஆணையத்தின் காலந்தவறாமை பற்றிய வரலாறு இன்னும் முக்கியமானது. 1999-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு ஆணையம் 2014 டிசம்பரில் ஒரு கட்டண ஆணையைப் பிறப்பித்தபின், அடுத்த பொதுவான உயர்வு 2022 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் ஆண்டுதோறும் நிர்ணயிக்கப்பட வேண்டும், மின் நிறுவனம் மனு அளிக்கத் தாமதித்தால் ஆணையங்கள் தாமாகவே முன்வந்து நடவடிக்கை தொடங்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பர் 11-ஆம் நாளே உத்தரவிட்டிருந்தது. அப்படியிருந்தும் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழிந்தன. இடையில் செலவுகள் உயர்ந்தன, கடன் பெருகியது, வட்டி ஏறியது. இறுதியில் உயர்வு ஒரே நாளில் வந்தபோது சிறு விடுதிகளும் அரவை ஆலைகளும் அச்சகங்களும் அதற்குத் தயாராக இருக்கவில்லை. 2022-ஆம் ஆண்டு ஆணை எதிர்கால உயர்வுகளுக்கு ஒரு சூத்திரத்தையும் வகுத்தது: ஆண்டுதோறும் ஜூலை 1 முதல், நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வு, 6 சதவீதம் ஆகிய இரண்டில் எது குறைவோ அந்த அளவு கட்டணம் கூடும். அதன்படி 2023-இல் 2.18 சதவீதமும், 2024-இல் 4.83 சதவீதமும், 2025-இல் 3.16 சதவீதமும் உயர்வு வந்தது. 2023, 2025 ஆண்டுகளில் வீட்டு நுகர்வோருக்கான உயர்வை மாநில அரசு ஏற்றுக்கொண்டது.

கட்டணத்தில் வசூலிக்கப்படாமல் ஒத்திவைக்கப்படும் செலவை மின்துறையில் ஒழுங்குமுறைச் சொத்து என்பர்; மின் நிறுவனத்தின் கணக்கில் பின்னொரு நாள் நுகர்வோரிடமிருந்து வர வேண்டிய தொகையாக எழுதப்பட்டிருப்பதால் அந்தப் பெயர். பயன்படுத்துபவரின் பார்வையில் அது வட்டியோடு வளரும் கடன். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் தேங்கவிடுவது ஒழுங்குமுறையின் தோல்வி என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கண்டித்து, அவற்றைக் காலவரம்புக்குள் தீர்க்க ஆணையங்களுக்குக் கட்டளையிட்டது. ஆணையம் ஒரு கெடுவைத் தவறவிட்டால் அதற்கான வட்டியைக் குடிமக்களே கட்ட நேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2022 உயர்வுக்கு முன் ஆணையம் கருத்துக்கேட்புக் கூட்டங்களைக் கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் நடத்தியது. திருவண்ணாமலையிலிருந்து தம் ஆட்சேபத்தை நேரில் சொல்ல விரும்பிய ஒரு கடைக்காரர் ஏறக்குறைய 190 கிலோமீட்டர் பயணம் செய்து சென்னைக்குச் சென்று, சில நிமிடம் பேசிவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது.

துண்டிப்புக்கு முன்னும் பின்னும்

கட்டணம் செலுத்தத் தவறியவரின் இணைப்பைத் துண்டிக்க, 56-ஆவது பிரிவின்படி எழுத்து மூலம் முழுமையான 15 நாட்கள் முன்னறிவிப்புத் தேவை. கோரப்பட்ட தொகையை ஆட்சேபத்துடன் செலுத்தினால், அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரியைச் செலுத்தினால், வழக்கு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. இரண்டில் எது குறைவோ அது போதும். ஒரு தொகை முதன்முதலில் செலுத்தத்தக்கதான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், அது தொடர்ந்து நிலுவையாகக் காட்டப்பட்டிருந்தாலன்றி வசூலிக்கக் கூடாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. ஆனால் 2020-இல் அஜ்மீர் மின் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம், செலுத்தும் பொறுப்பு பில் அனுப்பப்பட்ட நாளில்தான் தொடங்குகிறது என்றும், தவறுதலாக விடுபட்ட தொகையைப் பின்னர் கோருவதை இந்த இரண்டாண்டு வரம்பு தடுக்காது, அதற்காக இணைப்பைத் துண்டிப்பதையே தடுக்கும் என்றும் விளக்கியது. கேரள மாநில மின்வாரியம் தொடர்பான வழக்கில் 2023 மே மாதம் வந்த தீர்ப்பு, முந்தைய உரிமையாளர் வைத்துச் சென்ற மின்கட்டண நிலுவையை, விதிகள் இடமளிக்கும்போது, புதிய உரிமையாளரிடம் கேட்கலாம் என்றது. கிரிவலப் பாதையில் நிலத்தோடு பழைய கட்டடத்தை வாங்குபவர் வில்லங்கச் சான்றோடு மின் இணைப்பின் நிலுவை விவரத்தையும் கேட்டுப் பெற வேண்டும் என்பது இதன் நடைமுறைப் பொருள்.

மறுபுறத்தில் மின் நிறுவனத்துக்கும் கெடு உண்டு. 2020-இல் வெளியாகி 2024-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், புதிய இணைப்பைப் பெருநகரங்களில் 3 நாட்களுக்குள்ளும், பிற நகராட்சிப் பகுதிகளில் 7 நாட்களுக்குள்ளும், ஊரகப் பகுதிகளில் 15 நாட்களுக்குள்ளும் தரச் சொல்கின்றன. தொலைவிலிருந்தே கண்காணிக்கக் கூடிய குறைபாடுகளுக்கு நுகர்வோர் கேட்காமலேயே இழப்பீடு வழங்கவும் சொல்கின்றன. முறையிட வேண்டியவர் முதலில் மின் பகிர்மான வட்ட அளவிலுள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தையும், அங்கு நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையிலுள்ள மின்குறைதீர்ப்பாளரையும் நாடலாம். முதல் மன்றத்தை அமைப்பது மின் நிறுவனமே என்பதால், சார்பற்ற இரண்டாம் படி மிகவும் தேவையாகிறது.

2024-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த இவ்வூரில் குடிநீருக்கு இத்தகைய ஏற்பாடு கிடையாது. சாத்தனூர் அணையிலிருந்து வரும் நீருக்கான கட்டணத்தை உள்ளாட்சி அமைப்பே நிர்ணயிக்கிறது. மின்சாரத்தில் உள்ளதுபோல் செலவுக் கணக்கை வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, காரணம் எழுதி ஆணையிடும் தனி ஆணையம் குடிநீருக்கு இல்லாததால், கட்டணம் கூடும்போது ஏன் கூடியது என்ற கேள்விக்கு எழுத்தில் விடை பெறுவது கடினம்.

பிரீமியமும் பாதுகாப்பும்

காப்பீட்டில் தேதியின் கடுமை இன்னும் கூர்மையானது. பிரீமியம் முன்கூட்டி வந்து சேராத வரை எந்தக் காப்பீட்டு நிறுவனமும் இடரை ஏற்கக் கூடாது என்று 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆயுள் காப்பீட்டில் மாதத் தவணைக்கு 15 நாட்களும், மற்றத் தவணைகளுக்கு 30 நாட்களும் சலுகைக் காலமாக உண்டு. அந்த நாட்களில் இறப்பு நேர்ந்தாலும் பாதுகாப்பு தொடரும். ஆனால் கடைக்கான தீக் காப்பீட்டுக்கோ வாகனக் காப்பீட்டுக்கோ அப்படிப்பட்ட சலுகைக் காலம் கிடையாது. காலாவதியான நள்ளிரவோடு பாதுகாப்பு முடிந்துவிடும். பிரீமியத்தின் அளவை ஆணையமே நிர்ணயிக்கிறது என்பது பரவலான தவறான எண்ணம். 2007-இல் பொதுக் காப்பீட்டுக் கட்டணப் பட்டியல்கள் விலக்கப்பட்டபின், வாகனங்களுக்கான மூன்றாம் நபர் காப்பீடு நீங்கலாக, விலையை நிறுவனங்களே முடிவு செய்கின்றன. ஆணையம் நிபந்தனைகளையும் நடைமுறையையும் கண்காணிக்கிறது. மூத்த குடிமக்களின் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதாயின் தன்னைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஆணையம் பிறப்பித்த உத்தரவு, விலையில் அது தலையிட்ட அரிய தருணங்களில் ஒன்று. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளின் மீதான சரக்கு–சேவை வரி நீக்கப்பட்டது.

நிறுவனங்களின் மீது கெடு விதிப்பதில் காப்பீட்டு ஆணையம் அண்மைக் காலத்தில் உறுதி காட்டியிருக்கிறது. 2024 மே மாதச் சுற்றறிக்கையின்படி, ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான முன் அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போதான இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும். தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக வசூலிக்கும் தொகையை நிறுவனமே ஏற்க வேண்டும். ஆயுள் காப்பீட்டு இழப்பீடு தாமதமானால் வங்கி வீதத்தைவிட 2 சதவீதம் கூடுதலாக வட்டி தர வேண்டும். நிறுவனம் முறையீட்டை நிராகரித்தாலோ 30 நாட்களுக்குள் பதிலளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி, வழக்கறிஞரின்றி முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்க முடியும். அத்தீர்ப்பை 30 நாட்களுக்குள் நிறைவேற்றாத நிறுவனம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் முறையீட்டாளருக்குத் தர வேண்டும் என்ற விதியே, தாமதம் தனக்கும் விலை வைக்கும் என்பதை நிறுவனங்களுக்கு உணர்த்தும் மிகச் சிறந்த ஏற்பாடு. மின்துறையும் பதிவுத்துறையும் பின்பற்றத் தக்கது இது.

திருவண்ணாமலையில் காப்பீட்டின் அவசியம் பேச்சளவில் நிற்பதில்லை. ஃபெஞ்சல் புயலின் மழையால் 2024 டிசம்பர் 1-ஆம் நாள் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகர் பகுதியில் மண் சரிந்து, ஒரு வீட்டிலிருந்த குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். உயிர்களுக்கு எந்தத் தொகையும் ஈடாகாது. ஆனால் மலையடிவாரத்தில் வீடும் கடையும் வைத்திருக்கும் மற்றவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு: எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 2021 ஏப்ரல் 1 முதல் ஒரே நிபந்தனைகளுடன் வழங்க வேண்டும் என்று ஆணையம் வகுத்த ‘பாரத் கிருக ரக்ஷா’ என்ற வீட்டுக் காப்பீடு, தீ, வெள்ளம், புயல் ஆகியவற்றோடு மண்சரிவையும் பாறைச் சரிவையும் உள்ளடக்குகிறது. 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற இணையான திட்டம் உண்டு. இவற்றின் பெயர்கள் தமிழர் நாவுக்கு எளிதில் வராதவை. முகவர்கள் எடுத்துச் சொல்லாவிட்டால் தேவைப்படுவோருக்குத் தெரியவும் வழியில்லை. பாலிசியின் சாரத்தை எளிய வடிவில் தரும் வாடிக்கையாளர் தகவல் தாளை, கேட்பவருக்கு அவர் மொழியிலேயே தர வேண்டும் என்ற விதி 2024 முதல் மருத்துவக் காப்பீட்டில் நடைமுறையில் உள்ளது. தமிழில் கேட்டுப் பெறுவது ஒவ்வொரு பாலிசிதாரரின் உரிமை.

ஏழைக் குடும்பங்களுக்கு 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்புத் தருகிறது. அங்கு பிரீமியத்தை அரசே செலுத்துவதால் குடும்பத்துக்குத் தவணைக் கெடு என்ற அச்சமில்லை. வருமானச் சான்றும் குடும்ப அட்டையில் பெயர்களும் சரியாக இருப்பதே அங்கு கெடுவின் இடத்தைப் பிடிக்கிறது.

பெயர் பதிவும் பொறுப்பும்

மூன்றாவது துறை மிகக் குறைவாகப் பேசப்படுவது. கூட்டாண்மை நிறுவனத்தைப் பதிவு செய்வது 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்யாத நிறுவனம் தனக்கு வர வேண்டிய வணிகப் பணத்துக்காக வெளியார்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று 69-ஆவது பிரிவு தடுக்கிறது. வெளியாரோ அந்த நிறுவனத்தின்மீது தாராளமாக வழக்குத் தொடரலாம். விலகும் பங்குதாரர் இன்னும் பெரிய ஆபத்தில் நிற்கிறார். பதிவு செய்யப்பட்ட நிறுவனத்திலிருந்து விலகியதை மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் அந்த மாவட்டத்தில் விற்பனையாகும் ஒரு தாய்மொழி நாளிதழிலும் அறிவிப்பு வெளியிடாத வரை, மீதமிருப்போர் வாங்கும் கடனுக்கு அவரும் பொறுப்பாளியாகக் கருதப்படலாம். அண்ணன் தம்பிகள் கூட்டாக நடத்திய அரிசி மண்டியிலிருந்து ஒருவர் வாய்மொழியாகப் பிரிந்து சென்றுவிட்டதாக நினைப்பது குடும்பத்துக்குப் போதும், சட்டத்துக்குப் போதாது.

கம்பெனியாகப் பதிவானவர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 30 நாட்களுக்குள் நிதிநிலை அறிக்கையையும், 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையையும் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால், 2018 ஜூலை முதல், படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம், உச்சவரம்பின்றி ஏறும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தவறினால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதியிழப்பர். 2017-இல் ஒன்றிய அரசு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களைப் பதிவேட்டிலிருந்து நீக்கியபோது, லட்சக்கணக்கான இயக்குநர்கள் தகுதியிழந்தவர்களாக அறிவிக்கப்பட்டனர். முன்னறிவிப்பும் விளக்கமளிக்கும் வாய்ப்பும் தராமல் இதைச் செய்யக் கூடாது என்று 2018 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் பலரின் தகுதியிழப்பை ரத்து செய்தது. இயக்குநர் அடையாள எண்ணை முடக்கப் பதிவாளருக்கு அதிகாரமில்லை என்று 2020-இல் அதன் அமர்வும் கூறியது. கெடு தவறியவரைத் தண்டிக்கும் அரசும் தனக்குரிய நடைமுறையைத் தவறவிடக் கூடாது என்பதே இத்தீர்ப்புகளின் உள்ளடக்கம்.

ஆசிரமங்களும் அன்னதானக் குழுக்களும் நிறைந்த இவ்வூரில் அறக்கட்டளைகளின் நிலையும் கவனத்துக்குரியது. அறக்கட்டளை ஆவணம் சார்பதிவகத்தில் ஒரு முறை பதிவாகிறது. சங்கமாக அமைந்தால் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். வருமான வரி விலக்குக்கான பதிவு முன்போல் நிரந்தரமானதாக இல்லாமல், 2021 முதல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியதாகிவிட்டது. சிறிய அறக்கட்டளைகளுக்கு இது 2025-இல் பத்தாண்டாக நீட்டிக்கப்பட்டது. பௌர்ணமிதோறும் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறிடும் ஒரு குழு, புதுப்பிக்கும் நாளை மறந்ததால் நன்கொடையின்மீது வரி கட்ட நேர்ந்தால், இழப்பு உண்பவர்களுடையது.

பதிவு சுமை மட்டுமே தருவதில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உத்யம் பதிவு. இணையத்தில் கட்டணமின்றிச் செய்யக் கூடிய இப்பதிவைப் பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரோ சேவை வழங்குநரோ தாம் அனுப்பிய பொருளுக்கான தொகையை 45 நாட்களுக்குள் பெற உரிமையுள்ளவர். தாமதித்தால் வாங்கியவர் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. வாங்கி விற்கும் வணிகருக்கு இந்த உரிமை பொருந்தாது; ஆரணியில் பட்டு நெய்து நகரக் கடைகளுக்கு அனுப்பும் சிறு கூடத்துக்குப் பொருந்தும்.

கேட்க வேண்டியவை

மூன்று துறைகளையும் ஒரே அளவுகோலால் நிறுத்தால் கிடைக்கும் முடிவு இது: காப்பீட்டு ஆணையம், குறைதீர்ப்பாளர் தீர்ப்பைத் தாமதப்படுத்தும் நிறுவனத்துக்கு நாள் கணக்கில் விலை வைத்திருக்கிறது, மின்துறையில் இழப்பீட்டு விதி இருந்தும் ஆணையத்தின் சொந்தத் தாமதத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை, நிறுவனப் பதிவில் கெடு ஏறக்குறைய முழுவதும் குடிமக்களின் தோளிலேயே இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய மூன்று சீர்திருத்தங்கள் போதுமானவை, மூன்றும் இன்றைய சட்டங்களுக்குள்ளேயே சாத்தியமானவை. கட்டண விசாரணைகளை மூன்று பெருநகரங்களோடு நிறுத்தாமல், திருவண்ணாமலை போன்ற மாவட்டத் தலைநகரங்களில், வரைவின் முழுத் தமிழ் வடிவத்தை முன்கூட்டி வெளியிட்டு நடத்த வேண்டும். மின் பில்லிலும் பிரீமிய ரசீதிலும் பதிவாளரின் அறிவிப்பிலும், செலுத்த வேண்டிய நாளுக்குக் கீழே, முறையிடக் கடைசி நாளும் முறையிட வேண்டிய அலுவலகத்தின் பெயரும் அச்சிடப்பட வேண்டும். அளவெடுப்பிலோ, இணைப்பு வழங்குவதிலோ, பதிவுச் சான்று தருவதிலோ நேரும் தாமதத்துக்கான இழப்பீடு, விண்ணப்பம் எழுதிக் கேட்காமலேயே அடுத்த பில்லில் கழிக்கப்பட வேண்டும்.

இவை நிறைவேறும்வரை காத்திருக்காமல் ஊரார் செய்யக் கூடியதும் உண்டு. வணிகர் சங்கங்களும் விடுதி உரிமையாளர் சங்கங்களும் அன்னதானக் குழுக்களும் தம் உறுப்பினர்களின் மின் இணைப்பு வகை, பாலிசி முடியும் நாள், பதிவுப் புதுப்பிப்பு நாள் ஆகியவற்றை ஓர் அட்டவணையாகத் தொகுத்து வைத்துக்கொள்வதோடு, எதிர்த்தரப்பு தவறவிட்ட கெடுக்களையும் அதே அட்டவணையில் எழுதி, அவற்றுக்கான இழப்பீட்டைச் சங்கத்தின் பெயரால் கேட்கத் தொடங்க வேண்டும். உரிமை சட்டப் புத்தகத்தில் இருப்பது முதல் படி மட்டுமே. அதை எழுத்தில் கேட்பவர்களின் எண்ணிக்கை பெருகும்போதுதான், சென்னையிலும் ஐதராபாத்திலும் எழுதப்படும் விதிகள் திருவண்ணாமலைக்கும் பொறுப்பாகப் பதில் சொல்லும்.